அடிமை ஆடிய ஆட்டம்

சட்டங்களுக்குப் பெயர் வாய்ப்பது எவ்வாறு? மன்னர் பெயரால் சட்டம் உண்டு. மந்திரி பெயரால் சட்டம் உண்டு. முன்மொழிந்தவர் பெயரே நிலைத்துவிட்ட சட்டங்களும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் கொடுமைமிக்க சட்டங்களுக்கு, ஓர் ஆட்டக்காரன் மேடையிலே கட்டிய வேடத்தின் பெயர் வாய்த்த விந்தையைக் கேட்டதுண்டா?

அமெரிக்காவிலே அது நடந்தது!

1830ஆம் ஆண்டையொட்டி, தாமஸ் ரைஸ் எனும் வெள்ளைக்கார நடிகன் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்திலே அப்பிக்கொண்டான். கந்தலை உடுத்தான். காலைக் கோணலாக்கினான். துள்ளினான், சுழன்றான், பிதற்றினான். 'கறுப்பன் என்றால் இவ்வளவுதான்' என்று காட்டினான். கொட்டகை அதிரச் சிரித்தது. அந்த வேடத்துக்கு அவன் இட்ட பெயர் ஜிம் குரோ.

ஆண்டுகள் உருண்டன. உள்நாட்டுப் போர் மூண்டது, முடிந்தது. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. விலங்கு அறுந்தது என்று கறுப்பின மக்கள் பெருமூச்சு விட்டனர். அந்த மூச்சு அடங்குமுன் தென்மாநிலங்களிலே புதிய விலங்குகள் வார்க்கப்பட்டன. இரயிலிலே தனிப் பெட்டி! பள்ளியிலே தனிக் கட்டடம்! குடிநீருக்குத் தனிக் குழாய்! 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, பிரித்து வைப்பது சமத்துவத்துக்கு மாறானதன்று என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டங்களை நாடு எப்பெயரிட்டு அழைத்தது தெரியுமா? ஜிம் குரோ சட்டங்கள்!

மேடையிலே பிறந்த கேலி, சட்டப் புத்தகத்திலே குடியேறிற்று.

ஆட்டந்தானே, பாட்டுத்தானே, பொழுதுபோக்குத்தானே என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மிடையே குறைவில்லை. அவர்கட்காகத்தான் இதை முதலிலே எடுத்துரைத்தேன். ஓர் இனத்தை இழிவு செய்ய வேண்டுமா? முதலில் அதைச் சிரிப்புக்கு உரியதாக்கு. சிரித்துப் பழகியவன் பிறகு மிதிக்கத் தயங்கமாட்டான். ஆதிக்கம் நன்கு அறிந்த பாடம் இது.

அந்த ஆட்டத்துக்கு இன்னோர் ஆட்டம் விடையளித்தது. அந்த விடையைக் கடல் கடந்து கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. எய்டா ஓவர்ட்டன் வாக்கர் என்பது அவர் பெயர். 1880இல் பிறந்தார், 1914இல் மறைந்தார். வாழ்ந்தது 34 ஆண்டுகளே. நெஞ்சுறுதி வாய்ந்த அந்த நடன நங்கையைப் பற்றித்தான் இன்று உங்களோடு உரையாட விழைகிறேன்.

அவர் ஆடிய ஆட்டத்தின் பிறப்பைத் தெரிந்து கொண்டால்தான் அவருடைய சிறப்பு விளங்கும்.

பருத்தி விளையும் பண்ணை. நடுவிலே வெண்தூண் மாளிகை. அங்கே முதலாளி வீட்டு நடன விழா. ஆடவர் இடுப்பை வளைத்து வணங்குகின்றனர். பெண்டிர் பாவாடை நுனியைப் பற்றி முழங்காலை மடக்குகின்றனர். இணை இணையாக அணிவகுத்து, மெல்ல நடந்து, தலையை உயர்த்தி வலம் வருகின்றனர். சாளரத்துக்கு அப்பால் இருட்டிலே நின்று பார்த்திருக்கின்றனர் அடிமைகள்.

ஓய்வு நாளிலே, குடிசை முற்றத்திலே, அவர்கள் அதே நடையை நடந்து காட்டினர். ஆனால் சற்றே மிகையாக! முதுகை வில்லாகப் பின்னுக்கு வளைத்தனர். மார்பை முன்னுக்குத் தள்ளினர். முழங்காலை உயரத் தூக்கினர். இல்லாத தொப்பியைக் கழற்றி இல்லாத சீமாட்டிக்கு வணக்கம் செலுத்தினர். எசமானின் இறுமாப்பு ஒவ்வொன்றும் அந்தப் புழுதி முற்றத்திலே அம்பலமாயிற்று.

எசமானர்கள் வந்து பார்த்தனர். பார்த்துச் சிரித்தனர். 'நம்மைப் போல் ஆக ஆசைப்படுகிறார்கள்; பாவம், வரவில்லை' என்று எண்ணிச் சிரித்தனர். நன்றாக ஆடிய இணைக்குக் கேக் ஒன்றைப் பரிசாகவும் வழங்கினர். அதனாலேயே அந்த ஆட்டத்துக்குக் கேக்-வாக் என்று பெயர் வந்தது. கேக்குக்காக நடக்கும் நடை!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எவனைக் கேலி செய்தார்களோ அவனே கைதட்டினான். எவன் முகத்திலே கரி பூசினார்களோ அவனே பரிசு தந்தான். எதிர்த்து வாய் திறந்தால் சாட்டை. அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமென்று பல தென்மாநிலங்களிலே சட்டம். வாய்க்குப் பூட்டு, கைக்கு விலங்கு. காலுக்கு மட்டும் ஓய்வு நாளிலே ஒரு நாழிகை விடுதலை. அந்த ஒரு நாழிகையிலே கால் பேசிற்று!

அந்தக் கேலியையும் வெள்ளை நடிகர்கள் திருடிக் கொண்டனர். முகத்திலே கரி பூசி, கறுப்பர் ஆடும் கோமாளிக் கூத்து என்று அதே கேக்-வாக்கை மேடைதோறும் ஆடினர். எசமானைப் பழித்து அடிமை ஆடினான். அடிமையைப் பழிக்க எசமானின் இனத்தான் அதையே ஆடினான். தன்னையே பழிக்கிறோம் என்பதைப் பாவம், அவன் அறியவில்லை!

இந்தச் சூழலிலேதான் எய்டா வளர்ந்தார். நியூயார்க் நகரிலே வளர்ந்த அவர், பதின்ம வயதிலேயே நடனத் தொழிலுக்கு வந்துவிட்டார். இளமையிலே அவருக்கு இடமளித்தது, சிசியரேட்டா ஜோன்ஸ் அம்மையாரைத் தலைவியாகக் கொண்ட குழு. இந்த ஜோன்ஸ் அம்மையாரின் கதையே ஒரு தனிப் புலம்பல். 1892இல் வெள்ளை மாளிகையிலே குடியரசுத் தலைவர் முன் பாடிய இசைவாணி அவர். இத்தாலியக் குயில் அடெலினா பாட்டியோடு ஒப்பிட்டுப் பத்திரிகைகள் அவரைக் 'கறுப்புப் பாட்டி' என்றன. ஒப்பிட்டார்களே தவிர, அந்தப் பாட்டி பாடிய ஓபரா மேடையிலே இந்தப் பாட்டிக்கு இடம் கொடுத்தார்களா? இல்லை! நிறம் குறுக்கே நின்றது. கோமாளி, ஆட்டக்காரர், கழைக்கூத்தர் அடங்கிய பல்சுவைக் குழுவின் தலைவியாகத்தான் அவர் ஊர் ஊராகச் செல்ல நேர்ந்தது. எய்டாவுக்கு அதுவே முதற் பள்ளி.

பல்சுவை மேடை என்றேன். வாடவில் என்று அந்நாட்டார் அதை அழைத்தனர். ஒரே மாலையிலே பாடகன் வருவான், பழக்கிய நாய் வரும், மந்திரவாதி வருவான், நகைச்சுவையாளன் வருவான். நகரந்தோறும் கொட்டகை, கொட்டகைகளைக் கோத்துக் கட்டிய சங்கிலி, சங்கிலியின் நுனி ஒரு முதலாளியின் கையிலே. கறுப்புக் கலைஞருக்கு அங்கே இடம் உண்டு, அளவோடு உண்டு. மேடையிலே கறுப்பரைக் கண்டு களிக்கலாம். பக்கத்து நாற்காலியிலே அமர விடலாகாது! எனவே கறுப்பின இரசிகர்களுக்குப் பெரும்பாலும் மேல்மாடியிலே, கடைசி வரிசையிலே இடம். தன் இனத்துக் கலைஞனை எட்ட இருந்து எட்டிப் பார்க்கும் பேறு!

அந்தக் காலத்திலே பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் எனும் இரு கறுப்பின இளைஞர்கள் 1893இல் சான் பிரான்சிஸ்கோவிலே சந்தித்து இணைந்தனர். எங்கு நோக்கினும் கரி பூசிய வெள்ளையர் 'கூன்' என்று தம்மை அழைத்துக்கொண்டு கூத்தடிப்பதைக் கண்டனர். கூன் என்பது கறுப்பரை ஏச வெள்ளையர் வழங்கிய இழிசொல். 'நீங்கள் போலி; நாங்கள் அசல்' என்று அறிவிப்பது போல, 'அசல் கூன்கள் இருவர்' என்று விளம்பரம் செய்துகொண்டு மேடையேறினர். நம் மொழியிலே கூன் என்றால் முதுகின் வளைவு. அந்த ஏச்சுப் பெயரைச் சுமந்துகொண்டே அவர்கள் முதுகை நிமிர்த்த முயன்றனர்! விலை கொடுக்காமலா? வில்லியம்ஸின் மேனி நிறம் வெளிறியது. 'கறுப்பன் போல்' தோன்றுவதற்காக அவரும் முகத்திலே கரி பூசிக்கொள்ள நேர்ந்தது. கறுப்பருக்கே கரி! வாழ்நாள் முழுதும் அந்த முகமூடி அவரை விட்டு அகலவில்லை.

இந்த இருவரோடு எய்டா இணைந்தார். 1899இல் ஜார்ஜ் வாக்கரை மணந்தார். அவர்களுடைய நாடகங்களின் நடனங்களை அமைக்கும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. ஆடுபவர் மட்டுமல்லர், ஆட்டுவிப்பவர்!

அந்த இளைஞர்களின் துணிச்சலுக்கு ஒரு சான்று. அந்நாளிலே கேக்-வாக் மோகம் செல்வர் மாளிகைகளிலும் புகுந்தது. கோடீசுவரரான வில்லியம் வாண்டர்பில்ட்டும் அதை ஆடினார் என்று செய்தி வந்தது. 1898 சனவரியிலே வில்லியம்ஸும் வாக்கரும் அவர் மாளிகைக்கே சென்று ஓர் அறைகூவல் கடிதத்தைக் கொடுத்து வந்தனர். 'எங்களோடு ஆடிப் பார்க்க வாருங்கள். பந்தயம் 50 டாலர்' என்பது அதன் சாரம். கோடீசுவரர் போட்டிக்கு வரவில்லை. வருவாரா? தோற்றால் தொலைவது 50 டாலரா!

துணிச்சலுக்கு ஆதிக்கம் அளித்த விடை விரைவிலேயே வந்தது. 1900 ஆகஸ்டிலே நியூயார்க் நகரிலே இனக் கலவரம் மூண்டது. வெள்ளையர் கும்பல் தெருத்தெருவாகக் கறுப்பரை வேட்டையாடிற்று. 'பிடி, அடி' என்று கூவியவர்கள் எவர் பெயர்களைக் கூவினர் தெரியுமா? அரசியல் தலைவர் பெயர்களையா? இல்லை! எர்னஸ்ட் ஹோகன், வில்லியம்ஸ், வாக்கர் என்று மேடைக் கலைஞர்களின் பெயர்களை! டிராம் வண்டியிலிருந்து வாக்கர் இழுத்துத் தள்ளப்பட்டார்.

மாலையிலே காசு கொடுத்துக் கைதட்டியவர்கள், இரவிலே அதே கலைஞனைக் கொல்லத் தேடினார்கள். மேடையிலே இருக்கும் வரை மகிழ்விப்பவன்; தெருவிலே இறங்கினால் வெறும் கறுப்பன்! இந்தக் கைதட்டலின் மதிப்பு என்னவென்பதை எய்டாவின் குடும்பம் தன் உடலிலேயே உணர்ந்தது. உணர்ந்த பிறகும் மேடையை விட்டு ஓடவில்லை. அதைவிடப் பெரிய மேடையை நாடினர்.

1903 பிப்ரவரி 18. நியூயார்க் நகரின் பிராட்வே வட்டாரத்திலே, பின்னர் டைம்ஸ் சதுக்கம் எனப் பெயர் பெற்ற இடத்தின் பெரிய அரங்கிலே, 'தஹோமியில்' எனும் இசை நாடகம் அரங்கேறிற்று. தஹோமி என்பது மேற்கு ஆப்பிரிக்காவிலே இருந்த பழைய அரசு. இன்று பெனின் என வழங்கும் நாடு. இசை, வில் மரியன் குக். உரையாடல், ஜெஸ்ஸி ஷிப். பாடல்கள் பலவும், கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார். நடிப்பு, வில்லியம்ஸ், வாக்கர், எய்டா. எழுதியவர், இசைத்தவர், நடித்தவர் எல்லோரும் கறுப்பினத்தார்! பிராட்வேயின் பெரிய அரங்கிலே முழுநீள நாடகம் ஒன்று இவ்வாறு அரங்கேறியது அதுவே முதல் முறை. இனப் போர் மூளுமோ என்று சிலர் அஞ்சினர் எனப் பத்திரிகை எழுதிற்று. போர் மூளவில்லை. கைதட்டல்தான் மூண்டது. கறுப்பின இரசிகர்களுக்கு மட்டும் அன்றைக்கும் மாடிதான்!

அவ்வாண்டு மே மாதம் குழு இலண்டன் மாநகர் சென்றது. ஷாஃப்ட்ஸ்பரி அரங்கிலே ஏறத்தாழ ஏழு மாதம் நாடகம் நடந்தது. சூன் 23ஆம் நாள் அரண்மனையிலிருந்து அழைப்பு! பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்திலே, ஏழாம் எட்வர்டு மன்னரின் பேரனுக்கு ஒன்பதாவது பிறந்த நாள் விழா. அங்கே எய்டா கேக்-வாக் ஆடினார். மன்னர் மகிழ்ந்தார், பிரபுக்கள் வியந்தனர், சீமாட்டிகள் கற்றுக்கொள்ளத் துடித்தனர். இலண்டனைக் கேக்-வாக் மோகம் பற்றிக்கொண்டது. ஐரோப்பாவிலே அந்தத் தாளம் பரவிற்று. பிரெஞ்சு இசை மேதை டெபுசி 1908இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான பியானோத் தொகுப்பிலும் ஒரு கேக்-வாக் இடம்பெற்றது. தாயகம் திரும்பிய பிறகு, நியூயார்க்கின் பணக்கார வெள்ளை மாதர்களுக்கு எய்டா அந்த நடையைக் கற்பிக்கும் ஆசிரியையானார்.

எசமானர்களின் நடையைப் பழித்துப் பிறந்தது அந்த ஆட்டம். அதை எசமானர்களின் மன்னரே கண்டு களித்தார். எசமானர்களின் பேத்திகள் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டனர். தங்கள் பாட்டன் பாட்டியை எள்ளி நகையாட அடிமைகள் வகுத்த பாடத்தை, ஓர் அடிமை இனத்துப் பெண்ணின் எதிரே நின்று, அடி பிசகாமல் பயின்றனர்! வரலாறு சில வேளை மிக நல்ல நகைச்சுவை எழுத்தாளன், தோழர்களே!

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழும். எழ வேண்டும்.

'மன்னர் முன் ஆடினார், சரி. சீமாட்டிக்குக் கற்பித்தார், சரி. போராட்டம் எங்கே? ஆதிக்கக்காரன் கட்டிய மேடையிலே, அவன் கேட்ட வேடத்திலே, அவனைச் சிரிக்க வைத்துப் பிழைத்ததைப் புரட்சி என்பதா? மேடையையே புறக்கணித்திருக்க வேண்டாமா?'

அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று இது. அந்த நாடகங்களிலே கோமாளித்தனம் மிகுதி. ஆப்பிரிக்காவைப் பற்றிய சித்திரிப்பிலே வேடிக்கை அதிகம், உண்மை குறைவு. வில்லியம்ஸின் கரிபூசிய முகத்தைக் கண்டு சிரித்த வெள்ளையருள் எத்தனை பேர், பழைய ஜிம் குரோவை நினைத்தே சிரித்திருப்பர்! இவற்றை மறைத்துப் புகழ்பாடுவது, நேர்மையான எழுத்தாளனுக்கு அழகன்று.

ஆயினும் புறக்கணித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மேடை வெறுமையாகவா இருந்திருக்கும்? கரி பூசிய வெள்ளையன் அங்கே நின்றிருப்பான். 'கறுப்பன் என்றால் இவ்வளவுதான்' என்று மறுப்பாரின்றிக் காட்டிக்கொண்டே இருந்திருப்பான். பொய்ச் சாட்சி கூண்டிலே நிற்கும்போது, மெய்ச் சாட்சி நீதிமன்றத்தைப் புறக்கணித்தால் வழக்கு யார் பக்கம் தீரும்?

எய்டா அம்மையாரே இதற்கு விடை எழுதியிருக்கிறார். 1905இல் கறுப்பினத்தாரின் திங்களிதழ் ஒன்றிலே, மேடையிலுள்ள கறுப்பின ஆடவரையும் பெண்டிரையும் பற்றி அவர் கட்டுரை வரைந்தார். நிறவெறியைத் தணிப்பதிலே தம் இனத்தாரின் வேறு எந்தத் தொழிலையும்விட மேடைத் தொழில் மிகுதியாகப் பணியாற்றுகிறது என்று துணிந்து சொன்னார். எவரை நோக்கிச் சொன்னார்? வெள்ளையரை நோக்கி மட்டுமன்று. தம் இனத்திலேயே சற்று மேலேறி, படித்து, பதவி பெற்று, மேடை ஏறுவது மானக்கேடு என்று முகம் சுளித்த 'பெரிய மனிதர்'களையும் நோக்கிச் சொன்னார். உங்கள் பொருட்டு மேடையிலே என்ன நடக்கிறது என்பதையே நீங்கள் அறியவில்லை என்று இரங்கினார்.

அந்தப் பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும், தோழர்களே! உங்களுக்கும் தெரியும். நாடகம் எழுதிக்கொண்டும் மேடைகளிலே பேசிக்கொண்டும் ஊர் சுற்றும் என் போன்றோரைக் 'கூத்தாடிக்கு அரசியல் எதற்கு' என்று கேட்பவர்கள் அவர்கள். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் என்பது அந்த ஏளனத்தோடு வரும் இலவச இணைப்பு. கடல் கடந்த ஒரு நாட்டிலே, நூற்றாண்டுக்கு முன்பு, ஒரு பெண்மணி அதே ஏளனத்தைக் கேட்டிருக்கிறார். தலை குனியாமல் பதில் அளித்திருக்கிறார் என்று படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

பதில் எழுத்தோடு நின்றதா? இல்லை.

1906இல் அவர் எடுத்துரைத்த ஒரு செய்தியைக் கேளுங்கள். பத்தாண்டுக் காலம் எத்தனையோ இசை நாடகங்களிலே பங்கு கொண்டவர் அவர். அவற்றில் ஒன்றிலேனும் காதல் கதைக்கு இடமில்லை! ஏன்? கறுப்பன் ஒருவன் கறுப்பினப் பெண்ணை உள்ளன்போடு காதலிப்பதை மேடையிலே காண வெள்ளை இரசிகர்கள் விரும்பவில்லை. அவன் கோழி திருடலாம், தடுமாறி விழலாம், பேயைக் கண்டு நடுங்கலாம். காதலிக்கலாகாது! காதலித்தால் அவன் மனிதனாகி விடுவானே! தன்னைப் போலவே ஏங்கி, தன்னைப் போலவே நெகிழும் ஒருவனைத் தனிப் பெட்டியிலே ஏற்றுவது எப்படி? தனிக் குழாயிலே நீர் குடிக்கச் சொல்வது எப்படி? எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத தடை அது. எழுதிய சட்டங்கள் அனைத்துக்கும் அதுவே அடித்தளம்.

அந்தத் தடையைத்தான் எய்டா தம் நடனத்தாலே அசைத்தார். காதல் வசனம் பேச முடியாதா? நளினம் பேசும். கேக்-வாக்கிலே இருந்த கோமாளித்தனத்தைக் களைந்தார். அதைக் கம்பீரமும் கனிவும் கலந்த இணை நடனமாகச் செதுக்கினார். துள்ளிக் குதிக்கும் பொம்மைகளை எதிர்பார்த்து வந்தவர்கள், ஒருவரையொருவர் மதித்து நடக்கும் ஆடவனையும் பெண்ணையும் கண்டனர். சிரிக்க வந்தவர்கள் வியந்தனர். சிரிப்பு வியப்பாக மாறும் அந்தக் கணத்திலே ஜிம் குரோவின் காலொன்று முறிகிறது!

1908இல் சலோமி நடனம் என்பது மேல்நாட்டு மேடைகளிலே பெருமோகமாயிற்று. யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட அந்த விவிலியப் பாத்திரத்தை வைத்து, வெள்ளை நடன மாதர் உடையைக் குறைத்து ஆடிப் பரபரப்பூட்டினர். கறுப்பினப் பெண் என்றாலே காமக் கண்ணோடு நோக்கிய சமுதாயம் அது. 'பண்டானா லாண்ட்' நாடகத்திலே எய்டாவும் சலோமி ஆடினார். ஆனால் அடக்கமான உடையோடு, உணர்ச்சியை முதன்மையாக்கி ஆடினார். 1912இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற வாடவில் அரங்கான ஹாமர்ஸ்டீனின் விக்டோரியாவிலும் அதை ஆடினார். உடலை விற்பதற்கு அன்று, பாத்திரத்தைப் படைப்பதற்கே வந்தேன் என்று காட்டினார். கோமாளி வேடத்துக்கு மட்டுமே உரியவர் என்று ஒதுக்கப்பட்ட இனத்துப் பெண், காவியப் பாத்திரத்துக்கு உரிமை கோரினார்!

இடையிலே இல்லத்தில் இடி விழுந்தது. கணவர் ஜார்ஜ் வாக்கர் நோயுற்றார். 1909இல் மேடையைவிட்டு விலக நேர்ந்தது. நாடகம் நிற்க வேண்டியதுதானா? குழுவிலே இருந்த அத்தனை கலைஞர்களின் அடுப்பும் அணைய வேண்டியதுதானா? எய்டா கணவரின் பகட்டான ஆடவர் உடையைத் தாம் அணிந்தார். கணவரின் புகழ்பெற்ற பாடலைத் தாம் பாடினார். கணவரின் நடையைத் தாம் நடந்தார். படுக்கையிலே கணவர், மேடையிலே அவர் உருவாக அவர் துணைவி! கொட்டகை ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்புக்கு நடுவே அந்த அம்மையாரின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதை, நோயாளியை வீட்டிலே விட்டு வேலைக்குச் சென்ற ஒவ்வொருவரும் அறிவர்.

1911 சனவரியிலே வாக்கர் மறைந்தார். வில்லியம்ஸ் வெள்ளையர் நடத்திய பெருங்குழு ஒன்றிலே 1910இலேயே சேர்ந்துவிட்டார். எய்டா சோர்ந்து அமரவில்லை. பிற குழுக்களிலே நடித்தார், தனியே ஆடினார், இளம் பெண்களைத் திரட்டிப் பயிற்றுவித்து மேடையேற்றினார். உடல் இசையவில்லை. 1914 அக்டோபர் 11ஆம் நாள் அந்தக் கால்கள் ஓய்ந்தன.

அவர் ஆடியதால் ஜிம் குரோ சட்டங்கள் சரிந்தனவா? இல்லை. அவர் மறைந்து நான்கே மாதங்களில், 1915 பிப்ரவரியிலே, 'ஒரு தேசத்தின் பிறப்பு' எனும் திரைப்படம் வெளிவந்தது. முகத்திலே கரி பூசிய வெள்ளை நடிகர்கள் அதிலே கறுப்பரைக் கயவராகக் காட்டினர். முகமூடி அணிந்து கறுப்பரைக் கொன்ற கூட்டத்தை அப்படம் வீரர் கூட்டமாக்கிற்று. அது வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. கொலைக் கூட்டம் அவ்வாண்டிலேயே மீண்டும் உயிர் பெற்றது. ஜிம் குரோ மேடையிலிருந்து இறங்கித் திரையிலே ஏறினான்!

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் எது? கலையால் பயனில்லை என்பதா? அன்று! கலையின் வலிமையை ஆதிக்கம் ஒருநாளும் மறந்ததில்லை என்பதே பாடம். 1830இலும் அது அறிந்திருந்தது, 1915இலும் அறிந்திருந்தது. மறப்பவர்கள் நாம்தான். 'வெறும் ஆட்டக்காரி' என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் நம்மவர்தான்.

அதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம். ஆட்டம் தனித்து நின்று அரசைச் சாய்ப்பதில்லை. வழக்கு மன்றத்திலே வாதாடியவர்கள், பேருந்தைப் புறக்கணித்து நடந்தவர்கள், சிறை சென்றவர்கள், 1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டன் நோக்கி அணிவகுத்த ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள், இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் 1964, 1965 ஆண்டுகளின் உரிமைச் சட்டங்களைப் பெற்றனர். அவர்களுடைய இடத்தை எந்த நடனமும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் முதுகை நிமிர்த்தி நடக்க அந்த மக்களுக்கு ஒரே நாளிலா வந்தது? குடிசை முற்றத்திலே எசமானைப் பழித்து நடந்த நடை, கேலிக்குள்ளே மானத்தைப் பொத்தி வைத்த நடை, எய்டா அம்மையார் மேடையிலே எழிலூட்டிய நடை, அதுவும் அந்த அணிவகுப்பின் முன்னோடி நடையே. மானம் மறக்காத இனம்தான் உரிமை கேட்கும். மானத்தை மறவாமல் காத்துத் தருவது கலையின் வேலை. உரிமையைப் பெற்றுத் தருவது இயக்கத்தின் வேலை. ஒன்று மற்றொன்றை இகழலாகாது.

ஆகவே தோழர்களே! அடுத்த முறை நாடகக் கொட்டகையிலே, திரையரங்கிலே, திருவிழா மேடையின் முன்னே அமரும்போது, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று உடன் சிரித்துவிடாதீர்கள். எவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணுங்கள். எளியவனைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால், அந்தச் சிரிப்பு நாளை ஒரு சட்டமாகலாம், கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். வலியவனைப் பார்த்து எளியவன் சிரித்தால், கொட்டகையின் கூரை பிளக்கக் கைதட்டுங்கள்.

அந்தக் கைதட்டல், 34 ஆண்டே வாழ்ந்த எய்டா ஓவர்ட்டன் வாக்கருக்கும் சேரட்டும்!